பனகல் பூங்கா வாசலில் நிற்கும் வாலிபர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சனிக்கிழமை சாயங்காலங்களில் பனகல் பூங்கா வாசலிலும் ரங்கநாதன் தெரு முனையிலும் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கத்திலும் நின்று கைப்பிரதி கொடுக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, வீட்டுச் சபை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. உங்களில் சிலருக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். மீசை வைத்த பிறகும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். நீளம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊழியத்தை நிறுத்தச் சொல்லி எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். அப்படிச் சொல்ல நம் சபைகளிலேயே ஆள் இருக்கிறது. காலம் சரியில்லை, ஏன் வம்பு, கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நல்ல டாக்டர் ஒருவர் கிடைத்தாலே தெருவில் நாலு பேருக்குச் சொல்கிறோம். உயிருக்கு ஆதாரம் என்று நாம் நம்புகிற ஒருவரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றால், நாம் நம்புகிறோம் என்று சொல்வதே சந்தேகம்தான்.

என் குறை வேறு. நீங்கள் தாளைக் கொடுக்கிறீர்கள். "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று ஒரு வரி சொல்கிறீர்கள். அடுத்த ஆளிடம் போய்விடுகிறீர்கள். வாங்கினவர் என்ன நினைத்தார் என்று கேட்க ஒருவரும் நிற்பதில்லை. ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் எத்தனை நூறு பிரதி தீர்ந்தது என்ற கணக்கு வருகிறது. எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்ற கணக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நீங்கள் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். இயேசு என்ற பேரைக் கேட்டிராத மனுஷர் தி. நகரிலோ மயிலாப்பூரிலோ அடையாறிலோ உண்டா? சாந்தோமில் தோமாவின் கல்லறை என்று நாம் காட்டுகிற இடத்தை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டார். லஸ் முனையில் இருக்கிற மாதா கோயிலை இந்த ஊர் மக்கள் காட்டுக் கோயில் என்று செல்லமாகக் கூப்பிட்டுப் பல தலைமுறை ஆகிறது. புடவை எடுக்க வருகிற மாமிகளில் பாதிப்பேர் கான்வென்ட்டில் படித்தவர்கள். பரமண்டல ஜெபம் அவர்களுக்கு உங்களைவிடத் தப்பில்லாமல் வரும். கோடம்பாக்கம் கிறிஸ்தவப் பாட்டுகளையும் பாதிரியார் பாத்திரங்களையும் படம் படமாகக் கொடுத்திருக்கிறது. கேட்டாகிவிட்டது. கேட்டு, யோசித்து, தங்களுக்குள் ஒரு பதிலும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலைச் சொல்லத்தான் அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

இதை முன்னூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் புரிந்துகொண்டிருந்தார். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரைத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று நானே உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் வராத ஒரு காரியம் உண்டு. 1712-இல் தொடங்கி அவரும் கூட ஊழியம் செய்த குருண்ட்லரும் சுற்றுப்பக்கத்துத் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். உங்கள் கடவுள் யார், உலகம் எப்படி உண்டாயிற்று, செத்தபின் என்ன ஆகும், உங்கள் வைத்தியம் எப்படி, பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று எதையெதையோ கேட்டார்கள். எங்கள் மார்க்கத்தை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்றும் கேட்டார்கள்.

பதில் வந்தது. முதல் தவணையில் 55, இரண்டாம் தவணையில் 44, ஆக 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் 1714-லும் 1717-லும் அச்சேறின. அவற்றில் நம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் முகம் சிவக்கும். கிறிஸ்தவர்கள் பசுவைத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், உடம்புச் சுத்தம் பார்ப்பதில்லை, இவர்கள் நடக்கிற நடையைப் பார்த்தபின் இந்த மார்க்கத்துக்கு வர எப்படி மனசு வரும் என்று கேட்கிறார்கள். (பசு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை, சாப்பாடு அவரவர் பாடு. குடியையும் நடத்தையையும் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.) எங்கள் பெரியவர்களும் ஒரே கடவுளைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் புதிதாக என்ன கொண்டுவந்தீர்கள் என்ற தோரணையிலும் பதில் உண்டு. இதே கேள்வியைப் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இன்றைக்கும் உங்களிடம் கேட்பார், கேட்க நீங்கள் அவகாசம் கொடுத்தால்.

சீகன்பால்கு அந்தக் கடிதங்களை மறைக்கவில்லை. தனக்குப் பணம் அனுப்புகிற ஊருக்கே அனுப்பி அச்சிட வைத்தார். அதோடு நிற்காமல் தமிழ்நாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை ஊர் ஊராக விசாரித்து 1713-இல் பெரிய புத்தகமாக எழுதினார். ஹாலேயில் இருந்த மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கோபம். கையெழுத்துப் பிரதி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தூங்கி, கடைசியில் 1867-இல் நம் சென்னையில்தான் அச்சாயிற்று. அந்த ஐயர் விக்கிரக ஆராதனையைப் பற்றிப் பேசினபோது கடுமையாகத்தான் பேசினார். இன்றைக்கு அப்படிப் பேசினால் நானே கையைப் பிடித்து உட்காரவைப்பேன். ஆனால், எதிராளி என்ன சொல்கிறான் என்று எழுதி வாங்கியபின் பேசினார். உங்களில் எத்தனை பேருக்கு அறுபத்துமூவர் யார் என்று தெரியும்? மாடவீதியில் வளர்ந்த பிள்ளைகளே முழிக்கிறீர்கள்.

வேதத்தை வாசித்தாலே போதும், மனசு மாறிவிடும் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சாட்சி சொன்னதைக் கேட்டேன். சிலருக்கு அப்படி நடந்ததுண்டு. நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைஷ்ணவ வீட்டில் பிறந்து கம்பனில் ஊறி, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார். ஆனால் கூடவே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பெர்சிவல் ஐயருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கக் கூடவே இருந்து உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பைத் தமிழ் வித்துவான்களிடம் காட்ட இருவரும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். நம் வேதத்தை வரிவரியாக அலசிய அந்த மனுஷர் நம் பக்கம் வரவில்லை. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். வாராவாரம் பிரசங்கம், வினாவிடைப் புத்தகம், பள்ளிக்கூடம், சென்னையிலிருந்து வாங்கிப்போன அச்சு இயந்திரம் என்று நம் மிஷனரிகளின் கருவிகளையெல்லாம் எடுத்து சைவத்துக்கு வேலை செய்ய வைத்தார்.

அவருக்குப் புரியவில்லை, கண் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. புரிந்துகொண்டுதான் வேண்டாம் என்றார். புரிந்தபின் வேண்டாம் என்று சொல்கிறவரை மதிக்கத் தெரியாதவர் அவரிடம் சுவிசேஷம் பேசவே தகுதியில்லாதவர் என்பது என் எண்ணம். பாஸ்டர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

பள்ளிப் பிள்ளைகள் கையில் பிரதி வைக்காதீர்கள். இதில் விவாதமே வேண்டாம். ஜான் ஆண்டர்சன் 1837-இல் இந்த ஊரில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1841-இல் அங்கே படித்த பையன்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். 1844-இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் 'கிரசென்ட்' பத்திரிகை ஆரம்பித்து மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றார். பிள்ளையிடம் சொல்ல விரும்புகிற எதையும் அதன் அப்பா அம்மா எதிரே சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

உங்கள் டீஷர்ட்டில் மத்தேயு 28 அச்சிட்டிருக்கிறது. அழகாக இருக்கிறது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தையும் ஒருதரம் திறந்து பாருங்கள். உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்பது அங்கே வருகிற புத்தியின் சாரம். ஒருவர் கேட்க வேண்டும் என்றால், நம்மைப் பார்த்து அவருக்கு ஏதோ ஒன்று கேட்கத் தோன்ற வேண்டும். அதற்கு நேரமாகும். ஒரு சனிக்கிழமையில் முடிகிற காரியம் இல்லை அது.

தெருவில் நின்று பேசும் உரிமை நமக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. ஆழ்வார்ப்பேட்டை டி.டி.கே. சாலையில் தினம் பைக்கில் போகிறீர்கள். அந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து பேசினார். மதத்தைப் பின்பற்றலாம், பரப்பவும் செய்யலாம் என்பதில் 'பரப்ப' என்பதை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் வாதாடிக்கொண்டிருந்த நாள் அது. ஏறக்குறைய பதினான்கு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், ஒருவரும் என்னை மதம் மாற்ற முயலவில்லை என்று சொல்லி, அவர் நம் பக்கம் நின்றார். நம் மாகாணத்திலிருந்து போன எல். கிருஷ்ணசாமி பாரதியும் அன்று அந்தச் சொல்லுக்காகப் பேசினார். 25-ஆம் பிரிவு அப்படித்தான் நிலைத்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில், உன் மதத்தை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது உன் உரிமை ஆகாது என்று கோடு போட்டது. நம் மாநிலத்தில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டக் கதை இவ்வளவு போதும். எனக்கு உறைப்பது டி.டி.கே. சொன்ன காரணம். அவருக்குப் பாடம் நடத்திய கிறிஸ்தவ வாத்தியார்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பிள்ளைகளை நெருக்காமல் இருந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு இடம் இருந்தது.

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கிறிஸ்தவராகும்போது சமமாக நடத்தப்படுகிறார், ஆட்கள் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று. கேட்கப் பெருமையாக இருக்கிறதா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிக்க எழுப்பிய சுவரைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? அது கத்தோலிக்கருடையது என்று நம்மில் சிலர் நழுவப் பார்ப்பார்கள். நம் கல்யாண விளம்பரங்களை எடுத்துப் படித்துவிட்டு நழுவட்டும். 'தத்துவ போதகர்' என்று நாம் கொண்டாடுகிற ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்று மதுரையில் உழைத்தவர். கண் மங்கிப்போன கடைசிக் காலத்தை மயிலாப்பூரில் கழித்து 1656-இல் இங்கேயே கண்ணை மூடினார். பூணூலும் குடுமியும் ஞானஸ்நானத்துக்குத் தடையில்லை என்று 1623-இல் ரோமில் அனுமதி கிடைத்தது அவரால்தான். அவருடைய படிப்புக்கும் பொறுமைக்கும் முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் உயர்ந்த சாதிக்கு ஒருவிதக் குருவும் மற்றவர்க்கு வேறுவிதக் குருவும் என்று அந்த மிஷனில் ஏற்பட்ட ஏற்பாடு நம் சபைகளில் இன்னும் வாசம் வீசிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி நம்மிடம் கேட்பார்கள். கேட்க வேண்டும். கைப்பிரதியில் இதற்குப் பதில் அச்சடிக்க முடியாது.

மயிலாப்பூரில் இன்னொரு ஞாபகமும் புழங்குகிறது. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் வந்த காலத்தில் அழிந்தது, இப்போது இருப்பது பிறகு கட்டியது என்று வரலாற்றுக்காரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சாந்தோம் வளாகத்தைத் தோண்டியபோது சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. குளக்கரையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கு இது தெரியும். நீங்கள் பிரதியை நீட்டும்போது அவர் முகம் சுருங்கினால், அது உங்கள் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு 16-ஆம் நூற்றாண்டு வரை நீளும் காரணம் இருக்கலாம்.

தோமாவை இந்த ஊர்ப் பிராமணர் ஒருவர் ஈட்டியால் குத்தினார் என்ற கதையையும் சில பிரசங்கங்களில் சத்தமாகச் சொல்கிறார்கள். மார்க்கோ போலோ காதில் விழுந்த கதை வேறு. தோமா காட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன, மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவன் விட்ட அம்பு தவறி அவர்மேல் பட்டது என்று எழுதியிருக்கிறார். எது நடந்தது என்று நிரூபிக்க ஒருவராலும் முடியாது. ஊரில் ஒரு சாதியார் தலையில் கொலைப்பழி சுமத்தும் கதையை அவர்கள் தெருவிலேயே போய்ச் சொல்வானேன்? எனக்கு மயில் கதை பிடித்திருக்கிறது.

பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் அன்று மாடவீதிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். அவர்கள் திருவிழா அது. வெயிலில் வருகிறவர்களுக்கு மோர் கொடுக்க ஆசையிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். டம்ளரில் வசனம் ஒட்டாதீர்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலிலும் நிற்காதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி வைத்த இடம். எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்து, ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஊசிக்குப் பணம் எப்படி என்று யோசிக்கிறவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் "இயேசு சுகமாக்குவார், விசுவாசித்தால் போதும்" என்று சொல்வதை நான் ஊழியம் என்று எண்ணவில்லை. அவர் எதற்கும் தலையாட்டுவார். தலையாட்டாமல் இருக்க அவரிடம் தெம்பில்லை. சுகமாகவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்ற பாரமும் அவர் தலையில் விழும். அவர் பக்கத்தில் உட்காருங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், ரத்தம் தேவைப்பட்டால் கொடுங்கள். அவரே "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிறீங்களா, எனக்கும் பண்ணுங்களேன்" என்றால் பண்ணுங்கள். சுகத்துக்காக ஜெபிப்பதை நான் கேலி செய்யவில்லை, நானும் ஜெபிக்கிறவள்தான். எதிரே இருக்கிறவருக்கு வேண்டாம் என்று சொல்ல வலு இருக்கிறதா என்று பார்த்துப் பேசுங்கள் என்கிறேன். வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவிடம், ஆபீஸில் உங்களுக்குக் கீழே இருக்கிற பையனிடம், டியூஷன் பிள்ளையிடம், எல்லாரிடமும் இதே கணக்குத்தான்.

மேலிருந்து கீழே பேசுவதைத்தான் சொன்னேன். கீழிருந்து மேலே போகும்போது கதை வேறாகிவிடுகிறது. சீனிவாசபுரத்திலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும் மயிலாப்பூர் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிற அக்காமார் பலர் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். வீட்டு மாமிக்கு முட்டிவலி என்றால், "நான் உங்களுக்காக முழு ராத்திரி ஜெபத்துல சொல்லியிருக்கேம்மா" என்று போகிற போக்கில் சொல்வார்கள். மாமி சிரித்துக்கொண்டே "சொல்லு, சொல்லு" என்பார். தன் மகன் குடியை விட்ட கதையை அந்த அக்கா அடுப்படியில் நின்று சொல்லும்போது மாமியால் மறுக்க முடியாது, ஏனென்றால் அந்த மகனை அவருக்குத் தெரியும். முன்னே எப்படி இருந்தான் என்றும் தெரியும். மாமி மதம் மாறப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் இயேசு என்ற பேருக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. தென்சென்னையில் சுவிசேஷம் எப்படி நடமாடுகிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். எந்த மிஷன் அறிக்கையிலும் இது ஏறவில்லை. அந்த அக்காவை உங்கள் வாலிபர் கூடுகைக்குப் பேச அழைத்திருக்கிறீர்களா?

இப்போது உங்களைக் குழப்பப் போகிற ஒரு காரியத்துக்கு வருகிறேன். நம்பாதவர் என்று நீங்கள் பிரதி கொடுக்கிறவர்களில் பலர் நம்புகிறவர்கள். சென்னையில் ஓ. கந்தசாமி செட்டியார் என்று ஒருவர் இருந்தார். சமூக சீர்திருத்தக்காரர். 1915-இல் மிஷனரிகள் முன்னிலையில், நான் ஏன் கிறிஸ்தவன் ஆகவில்லை என்று வெளிப்படையாக ஒரு அறிக்கை வாசித்தார். இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் என் சமுதாயத்தை விட்டு உங்கள் சபைக்குள் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நான் உணரவில்லை என்பது அவர் நிலை. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக் கிறிஸ்துவை ஏற்று ஞானஸ்நானமும் பெற்ற வெங்கல் சக்கரைச் செட்டியார், தொழிற்சங்கத் தலைவராகவும் இந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர், அவரும் நீதிபதி பி. செஞ்சையாவும் இன்னும் சிலரும் 1938-இல் சென்னையிலிருந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்பது அதன் தலைப்பே. உலகமெங்குமிருந்து மிஷன் தலைவர்கள் அதே டிசம்பரில் தாம்பரத்தில் கூடியபோது, மேலைநாட்டுச் சபை அமைப்பை இங்கே அப்படியே நட்டுவைப்பதா என்று இவர்கள் எழுப்பிய கேள்வி அங்கே வீசிய புயல்களில் ஒன்று.

பிறகு கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலிருந்து ஹெர்பர்ட் ஹேஃபர் என்பவர் சென்னையிலும் கிராமங்களிலும் வீடு வீடாக விசாரிக்க ஏற்பாடு செய்தார். 1991-இல் வந்த அந்தப் புத்தகத்தில், ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் பேர் கொடுக்காமல், வீட்டுக்குள்ளேயே இயேசுவை மாத்திரம் கும்பிடுகிறவர்கள் இந்த நகரத்தில் ஏராளம் என்று காட்டினார். அவர்களில் பெண்கள் அதிகம். புருஷன் வீட்டாருக்குத் தெரிந்தும் தெரியாமலும், நெற்றிப் பொட்டோடு, ஜெபம் பண்ணிக்கொண்டு இருக்கிறவர்கள். இவர்களை அரைகுறை விசுவாசிகள் என்று நம் போதகர்கள் சிலர் சொல்வார்கள். ஞானஸ்நானம் கர்த்தர் கட்டளையிட்டது, அது விருப்பத்துக்கு விட்டதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பெண் தன் பிள்ளைகளையும் புருஷனையும் பிரிந்து வந்தால்தான் இயேசுவிடம் வர முடியும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. சபைப் பதிவேட்டில் ஒரு பேர் கூடுவதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலையை நாம் கொடுக்கப் போவதில்லையே.

ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். காவிப் புடவை கட்டி, வெறுங்காலோடு நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனை பேர் இந்துப் பெண்கள்! கொஞ்ச தூரம் நடந்தால் அஷ்டலட்சுமி கோயில். அங்கேயும் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். சி.எஸ்.ஐ.யில் வளர்ந்த எனக்கு அந்தக் கூட்டத்தில் பல காரியங்கள் ஒவ்வாது. ஆனால் அங்கே முழங்கால் போட்டு அழுதுகொண்டிருக்கிற ஒருத்தியின் தோளைத் தட்டி "நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்கிற வாலிபரை என்னால் சகிக்க முடியாது.

கடவுளே இல்லை என்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் காலேஜ் நண்பர்களில் பெரியார் படித்தவர்கள் உண்டு. இது பெரியாரோடு ஆரம்பித்ததும் இல்லை. 1880-களிலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' என்று தமிழில் பத்திரிகை நடத்தி, கோயிலையும் சர்ச்சையும் ஒரே தராசில் வைத்து விளாசினார்கள். அவர்களிடம் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் சிரிப்பார்கள். சாட்சி கேட்பார்கள். இந்த ஊருக்கு வந்ததாக நாம் சொல்லிக்கொள்கிற அப்போஸ்தலர், காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவர்தானே? ஆண்டவர் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டினார். சாதி, பணம், பொய்ச் சுகமளிப்பு என்று நம் சபையில் இருக்கிற காயங்களை மூடி மறைக்காமல் அந்த நண்பர்களிடம் பேசிப் பாருங்கள். விவாதத்தில் ஜெயிக்கமாட்டீர்கள், அடுத்த வாரமும் பேச வருவார்கள்.

ஆக, இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறேன். வருகிற சனிக்கிழமைகளில் ஒரு மாதத்துக்குப் பிரதிக் கட்டை வீட்டில் வையுங்கள். இரண்டிரண்டு பேராக, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். கடைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற அண்ணன், பூங்காவில் நடக்க வருகிற பெரியவர் என்று யார் பேச மனசுள்ளவரோ அவரிடம், நாங்கள் சர்ச்சிலிருந்து வருகிறோம், கிறிஸ்தவர்களைப் பற்றி உங்களுக்கு உள்ள குறை என்ன, எங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தது என்ன என்று மட்டும் கேளுங்கள். பேரும் போன் நம்பரும் வாங்க வேண்டாம். போட்டோ எடுக்கக் கூடாது. சொன்னதை அப்படியே எழுதுங்கள், திட்டினாலும் எழுதுங்கள். அங்கேயே பதில் சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். விரட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

மாதக் கடைசி வாலிபர் கூடுகையில் ஆராதனைப் பாட்டை அரை மணி நேரம் குறைத்துக்கொண்டு அந்த நோட்டுகளை வாசிப்போம். பாஸ்டரிடம் நானே பேசுகிறேன். சீனிவாசபுரத்து அக்கா ஒருவரையும் கூட்டி வருகிறேன், பதில்களில் பாதி அவரிடம் இருக்கும். பதில் தெரியாத கேள்விகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுவோம். அதற்கப்புறம் கைப்பிரதி வேண்டுமா, வேண்டுமென்றால் அதில் என்ன அச்சடிப்பது என்று நீங்களே உட்கார்ந்து தீர்மானியுங்கள். டீயும் வடையும் என் பொறுப்பு. நோட்டு வாங்கப் பணம் கேட்டு யாரும் பொருளாளரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பழைய ஞாயிறு பள்ளி நோட்டுகள் என் வீட்டு அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மந்தைவெளி